பிள்ளைகளோடு ஓட்டலுக்குப் போகிறீர்களா?

சோழவந்தானிலிருந்து மதுரை 20 கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் நாலு வயசுப் பையனையும் பத்து மாசக் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு கிளம்பினால் அதுவே காசி யாத்திரை! ஜவுளி எடுக்க, மீனாட்சியைத் தரிசிக்க என்று அவ்வப்போது போகத்தான் வேண்டியிருக்கிறது. போனால் மத்தியானச் சாப்பாடு ஓட்டலில்தான்.

"புளிச்சோறு கட்டிக்கிட்டுப் போனா ஆகாதா?" என்பார் என் மாமியார்.

"பிள்ளைகளும் நாலு இடம் பாக்கட்டும், அத்தை" என்பேன். உண்மையைச் சொன்னால், ஒரு வேளையாவது யாரோ பரிமாற, உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்ற ஆசைதான். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

சென்ற வருஷம் அப்படிப் போன ஒரு நாள். கோயில் பக்கம் ஓர் ஓட்டல். ஒரு மணிக் கூட்டம், இலை விழவே அரை மணி ஆகிவிட்டது. பையன் பசியில் சிணுங்கினான். வாயை அடைக்க, பையிலிருந்த வறுத்த வேர்க்கடலையில் ஒரு பிடி கொடுத்தேன். அவனோ அதை மென்றுகொண்டே மேஜைகளுக்கு நடுவில் ஓடிச் சிரித்தான். திடீரென்று சத்தம் நின்றுவிட்டது. அழுகையில்லை, இருமலில்லை. கண் பிதுங்குகிறது, உதடு நீலம் பாரிக்கிறது. எனக்குக் கை கால் ஓடவில்லை. அவர் தண்ணீர் டம்ளரை எடுத்தார்.

"தண்ணி குடுக்காதீங்கய்யா!" என்று பக்கத்து மேஜை அம்மாள் ஓடி வந்தார். பையனை முன்பக்கமாகக் குனிய வைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஓங்கித் தட்டினார். மூன்றாவது தட்டில் கடலை வெளியே வந்து விழுந்தது. பிறகு அவன் அழுதானே ஓர் அழுகை! இனி எத்தனை அழுதாலும் திட்டமாட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். (இரண்டு நாள்தான் தாங்கியது.)

அந்த அம்மாள் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். சோறு ஆறுவதைக்கூடப் பார்க்காமல் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். குழந்தை பலமாக இருமினால் இருமட்டும், தட்ட வேண்டாம். சத்தமே வராவிட்டால்தான் முதுகில் 5 முறை தட்ட வேண்டும். அதற்கும் வராவிட்டால், பின்னாலிருந்து அணைத்து, தொப்புளுக்குச் சற்று மேலே முஷ்டியை வைத்து, உள்ளேயும் மேலேயுமாக 5 முறை அழுத்த வேண்டும். ஒரு வயதுக்கு உட்பட்ட சிசுவுக்கு வயிற்றை அழுத்தவே கூடாது. முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ்ந்திருக்க, முதுகில் 5 தட்டு. பிறகு மல்லாக்கத் திருப்பி மார்பின் நடுவில் 5 அழுத்து. அடைத்தது வெளியே வரும்வரை மாறி மாறிச் செய்ய வேண்டும். கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவக் கூடாது. இன்னும் உள்ளே போய்விடும். இதற்குள் ஒருவர் 108-க்குப் போன் செய்ய வேண்டும். வயிற்றை அழுத்தியிருந்தால், குழந்தை தேறிவிட்டாலும் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

அன்றிலிருந்து நாலைந்து வயது வரை முழுக் கடலை, முழு திராட்சை, கடினமான முறுக்கு எதுவும் பையில் கிடையாது. உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும் என்பதிலும் தளர்வில்லை. ஜிகர்தண்டா கேட்டு விளக்குத்தூண் பக்கம் இழுத்தால், கடல்பாசித் துண்டை மசித்துத்தான் ஊட்டுகிறேன்.

இப்போதெல்லாம் பதினொன்றரைக்கே ஓட்டலுக்குள் நுழைந்துவிடுகிறோம். கூட்டம் இராது, சோறும் சூடாக இருக்கும். பிள்ளையைச் சுவர்ப் பக்கம் உட்கார வைக்கிறேன். நடைபாதைப் பக்கம் சப்ளையர் கொதிக்கிற சாம்பார் வாளியோடு போய் வருவாரே! கைக்குழந்தைக்கு இட்லியை, காய்ச்சி ஆறிய நீரில் குழைத்து ஊட்டினால் போதும். சாம்பாரில் உப்பும் காரமும் அதிகம். காலையில் அரைத்த தேங்காய்ச் சட்னி மத்தியானம் யாருக்குமே வேண்டாம். தொட்டுக்கொள்ளத் தேன் கொடுத்தாலும் ஒரு வயதுக்குள் கூடாது; அதிலிருக்கக்கூடிய ஒரு கிருமி சிசுக்களுக்கு நரம்புத் தளர்ச்சியே உண்டாக்கிவிடும்.

இங்கிலாந்தில் 'பப்' என்கிற மதுக்கடைகள் பலவற்றிலேயே குழந்தைக்கு உயர நாற்காலி போட்டு, ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு பரிமாறுகிறார்கள். நம் ஊர் மதுக்கடைப் பக்கம் பிள்ளையோடு தலைகாட்ட முடியுமா! நமக்கு வாய்த்தது ஓட்டல் 'ஃபேமிலி ரூம்'தான். அங்கேயும் உயர நாற்காலி கேட்டால், "மடியில வச்சுக்கங்கம்மா" என்பவர்கள் உண்டு. இருக்கிற இடத்தில் முதலில் பெல்ட் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பால் கொடுக்க மறைவிடம் இல்லாவிட்டால் பஸ் ஸ்டாண்டில் கேளுங்கள். 2015-ல் தமிழ்நாட்டுப் பஸ் நிலையங்களில் தாய்மார்களுக்கென்று அறைகள் திறந்தார்கள்.

சாப்பிட்டு வெளியே வந்தால் பையன் பீடாக் கடை முன்னால் நின்றுவிடுவான். எங்கள் சோழவந்தான் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்தது, அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் பாக்கு புற்றுநோய் தருவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004-லேயே சொல்லிவிட்டது. தொண்டையில் சிக்குகிற பயம் வேறு. பையனுக்குப் பீடா கிடையாது. அத்தைக்கு மட்டும் பாக்கில்லாமல் ஒன்று கட்டி வாங்கிப் போவேன்.

"இதென்ன தாயி, உப்பில்லாத சாம்பார் மாதிரி!" என்று திட்டிக்கொண்டேதான் வாயில் போட்டுக்கொள்வார்.