சாத்விகம் என்னும் முத்திரை

ஒருவரைச் சாத்விகமானவர் என்கிறோம். இன்னொருவருக்குத் தாமச குணம் என்று சொல்லி ஒதுக்குகிறோம். உணவகங்களின் பெயர்ப் பலகையில்கூட 'சாத்விக உணவு' வந்துவிட்டது. முக்குணங்கள் இப்படி ஆளுக்கும் பண்டத்துக்கும் குத்தப்படும் முத்திரையாகிவிட்டன. இந்தக் கொள்கையை வகுத்துத் தந்த சாங்கியத் தத்துவம் இதை ஏற்காது. சத்துவம் லேசானது, துலக்குவது; ரஜஸ் அசைவது, தூண்டுவது; தமஸ் கனத்தது, மறைப்பது என்று வரையறுக்கும் ஈசுவரகிருஷ்ணரின் சாங்கிய காரிகை, மூன்றும் ஒன்றையொன்று அடக்கியும் தாங்கியும் எப்போதும் சேர்ந்தே இயங்கும் என்கிறது. அதற்கு அது காட்டும் உவமை விளக்கு. திரி, எண்ணெய், நெருப்பு மூன்றும் தன்மையில் முரண்பட்டவை, ஆனால் கூடித்தான் ஒளி தருகின்றன என்று உரைகாரர்கள் இதை விரிக்கிறார்கள். நம் மனமும் புத்தியும் உட்பட இயற்கையில் எல்லாமே இந்த மூன்றின் கலவை. எது மேலோங்கி நிற்கிறது என்பதுதான் வேறுபாடு, அதுவும் வேளைக்கு வேளை மாறும். தமஸ் ஓங்காமல் உறக்கம் வராது. தெளிவாக யோசித்ததைச் செய்து முடிக்க ரஜஸ் வேண்டும்.

கீதையே 17ஆம் அத்தியாயத்தில் உணவை மூன்றாகப் பிரிக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அங்கே வெங்காயம், பூண்டு என்று எந்தப் பண்டத்தின் பெயரும் இல்லை. சாறும் நெய்ப்பும் உள்ளது, காரமும் புளிப்பும் உப்பும் மிஞ்சியது, நேரம் கடந்து சுவை கெட்டது என்று தன்மையையும் பக்குவத்தையுமே அது சொல்கிறது. அதுவும் எந்தக் குணம் மிக்கவருக்கு எது பிடிக்கும் என்ற விவரமாக. அந்த அளவுகோலில் பூண்டு சேர்க்காத சாம்பாரும் மறுநாள் மிஞ்சினால் தாமசம்தான். வெங்காயத்தையும் பூண்டையும் பெயர் சொல்லி விலக்குவது மனுஸ்மிருதியின் 5ஆம் அத்தியாயம். அது இருபிறப்பாளருக்கு விதித்த ஆசாரம். இரண்டையும் குழப்பிக்கொண்டு, பக்கத்து வீட்டு அடுப்பை வைத்து அந்த வீட்டாரின் குணத்தை அளப்பது பெரிய அநியாயம்.

அப்படியானால் மூன்றும் சமமா? இல்லை. சத்துவம் உயர்ந்தது, வளர்க்க வேண்டியது என்பதில் கீதைக்கு ஐயமே கிடையாது. ஆனாலும் 14ஆம் அத்தியாயத்தில் சத்துவத்தையும் அது கட்டு என்றே சொல்கிறது; சுகத்தின் மீதும் அறிவின் மீதும் பற்றை உண்டாக்கி அது ஆன்மாவைப் பிணிக்கிறதாம். 'நான் சாத்விகன்' என்ற நிறைவு அந்தப் பிணிப்பேயன்றி வேறென்ன? முக்குணம் கடந்தவனின் அடையாளம் என்ன என்று அர்ஜுனன் கேட்கிறான். தெளிவும் செயல்வேகமும் மயக்கமும் வரும்போது வெறுக்காதவன், அவை போனபின் ஏங்காதவன் என்கிறான் கண்ணன். என்ன சாப்பிடுபவன் என்று அந்தப் பதிலில் ஒரு சொல்கூட இல்லை.