சட்டம் கேட்கும் ஆட்கள் எங்கே? விவேக் நகர் வரை நீளும் இணையப் பாதுகாப்புக் கேள்வி

புது தில்லி: நாட்டில் 2019-ஆம் ஆண்டில் கையாளப்பட்ட இணையப் பாதுகாப்புச் சம்பவங்கள் 3,94,499. 2024-இல் இந்த எண்ணிக்கை 20,41,360. நாடாளுமன்றத்தில் மத்திய அரசு அளித்துள்ள விவரம் இது. ஐந்து ஆண்டுகளில் ஐந்து மடங்குக்கும் அதிகமான உயர்வு. இணைய மோசடிகளால் பொதுமக்கள் இழந்த தொகை 2023-இல் 7,465 கோடி ரூபாயாக இருந்தது. 2024-இல் 22,845 கோடி ரூபாயாகிவிட்டது என்று 2025 ஜூலையில் மக்களவையில் உள்துறை இணையமைச்சர் பண்டி சஞ்சய் குமார் தெரிவித்தார்.

கேள்வி நேரத்தில் அவையில் வைக்கப்படும் இத்தகைய பட்டியல்களில் ஒரு விவரம் மட்டும் எளிதில் கிடைப்பதில்லை. இத்தனை சம்பவங்களையும் ஆராய்ந்து, காரணம் கண்டுபிடித்து, மீண்டும் நிகழாமல் தடுக்கும் ஆட்கள் எங்கே உருவாகிறார்கள் என்பதே அது. அந்த விடையைத் தேடினால் தலைநகரிலிருந்து பெங்களூருக்குத்தான் செல்ல வேண்டியிருக்கும்.

விவேக் நகரின் கேள்வி

பெங்களூரு விவேக் நகர், வியாழக்கிழமைதோறும் குழந்தை இயேசு ஆலயத்தில் மத வேறுபாடின்றி மக்கள் திரளும் பகுதி. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் பகுதியும்கூட. அதற்குத் தெற்கே ஈஜிபுரா, 1997 தேசிய விளையாட்டுப் போட்டிக்காக எழுந்த விளையாட்டு கிராமம், மென்பொருள் நிறுவனங்கள் நிறைந்த கோரமங்கலா என்று நகரம் விரிகிறது. உயர் ஆய்வுக்குப் பெயர்பெற்ற இந்திய அறிவியல் கழகம் நகரின் மறுகோடியில், யஷ்வந்தபூருக்கு அருகே உள்ளது. நாட்டின் முதல் சைபர் குற்றக் காவல் நிலையம் 2001-இல் தொடங்கப்பட்டதும் இதே நகரில்தான்.

பி.சி.ஏ.வோ பி.எஸ்சி. கணினி அறிவியலோ பொறியியலோ முடித்த பிள்ளை உள்ள வீடுகள் இப்பகுதியில் ஏராளம். அவ்வீடுகளில் எழும் கேள்வி எளிமையானது. இணையப் பாதுகாப்பில் வேலை நிறைய இருக்கிறது என்கிறார்கள். அதற்கு இரண்டு ஆண்டு முதுநிலைப் படிப்பு அவசியமா, ஆறு வாரப் பயிற்சியும் ஒரு சான்றிதழும் போதாதா? கடன் வாங்கிப் படிக்க வைக்கும் குடும்பத்துக்கு இது சிறிய கேள்வி அல்ல.

நாட்டில் நடந்த சில பெரிய தாக்குதல்களே இதற்கு விடை சொல்கின்றன.

மூன்று சம்பவங்கள், ஒரு பாடம்

கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியில் 2018 பிப்ரவரியில் ஒரு மோசடி நிகழ்ந்தது. சர்வதேசப் பணப் பரிமாற்றத்துக்கான 'ஸ்விஃப்ட்' அமைப்பு வழியாக, வங்கியின் அனுமதியின்றி மூன்று பரிமாற்றங்கள் செய்யப்பட்டிருந்தன. மொத்த மதிப்பு ஏறத்தாழ 20 லட்சம் டாலர். துபை, துருக்கி, சீனா ஆகிய இடங்களை நோக்கி அப்பணம் அனுப்பப்பட்டது. கணக்குகளை ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வழக்கமான பணியின்போதுதான் இது வெளிப்பட்டது. துபைக்குச் சென்ற தொகை இடையிலேயே தடுத்து நிறுத்தப்பட்டது.

2019 செப்டம்பர் 4-ஆம் தேதி, கூடங்குளம் அணுமின் நிலையம் தொடர்பாக இந்திய அணுமின் கழகத்துக்கு ஓர் எச்சரிக்கை வந்தது. அனுப்பியது கணினி அவசரகால நடவடிக்கைக் குழுவான 'செர்ட்-இன்'. நிர்வாகப் பணிக்கான, இணையத்துடன் இணைக்கப்பட்ட ஒரு கணினியில் தீங்கு நிரல் புகுந்திருந்தது. தாக்குதல் எதுவும் நடக்கவில்லை என்று நிலையத்தின் தரப்பில் முதலில் மறுக்கப்பட்டது. மறுநாளே, 2019 அக்டோபர் 30-இல், அணுமின் கழகம் அதை ஒப்புக்கொண்டது. நிர்வாக வலையமைப்பும் முக்கிய உள் வலையமைப்பும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், நிலையத்தின் அமைப்புகள் பாதிக்கப்படவில்லை என்றும் அது விளக்கியது.

2022 நவம்பர் 23-ஆம் தேதி தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் முறை வந்தது. தரவுகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் 'ரேன்சம்வேர்' வகைத் தாக்குதல் அது. ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டன, ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. புறநோயாளிகள் பதிவு முதல் பரிசோதனை முடிவுகள் வரை பல நாள்களுக்குக் காகிதத்திலேயே எழுத வேண்டியதாயிற்று. வலையமைப்பு முறையாகப் பிரிக்கப்படாததே காரணம் என்று 2023 பிப்ரவரியில் மாநிலங்களவையில் அரசு பதிலளித்தது. பாதிக்கப்படாத ஒரு மாற்றுச் சர்வரில் இருந்த பிரதியைக் கொண்டே மருத்துவமனைத் தரவு மீட்கப்பட்டது.

கூடங்குளத்தையும் எய்ம்ஸையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் பாடம் விளங்கும். இரண்டிலும் அந்நியர் உள்ளே நுழைந்தனர். ஓரிடத்தில் அறைகளுக்கு இடையே சுவர் இருந்தது; மற்றோரிடத்தில் அது சரியாக இல்லை. எந்தச் சுவரை எங்கே எழுப்புவது, எந்தப் பிரதியை எங்கே தனித்து வைப்பது என்பதைத் தாக்குதலுக்கு முன்பே தீர்மானிப்பவர் தேவை. விலைக்கு வாங்கிப் பொருத்தும் மென்பொருள் அந்தத் தீர்மானத்தை எடுத்துத் தராது.

வகுப்பறையில் என்ன நடக்கிறது?

முதுநிலைப் படிப்பின் பயன் இங்குதான் தெரிகிறது. குறுகிய காலப் பயிற்சி ஒரு கருவியை இயக்கக் கற்றுத் தரும். நல்ல எம்.டெக். படிப்போ, அக்கருவி ஏன் வேலை செய்கிறது, எப்போது தோற்கும் என்பதைக் கற்றுத் தர வேண்டும். இயங்குதளத்தின் உள்ளமைப்பு, வலையமைப்பு நெறிமுறைகள், மறையீட்டியல், நிரல்களில் உள்ள ஓட்டைகளைக் கண்டறிதல், டிஜிட்டல் தடயவியல், சட்டம் ஆகியவை அதன் முக்கியப் பாடங்கள். இரண்டாம் ஆண்டில் ஆய்வுத் திட்டம்.

இவற்றில் பலரும் அஞ்சுவது கணிதத்தை. ஆனால் இந்தியா உலகுக்குப் பங்களித்ததும் அந்தக் கணிதத்தில்தான். ஓர் எண் பகா எண்ணா என்பதைத் திறம்பட, உறுதியாகக் கண்டறியும் முறையை 2002-இல் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வாலும், அவருடைய மாணவர்கள் நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகியோரும் கண்டுபிடித்தனர். வங்கிப் பரிமாற்றங்களைக் காக்கும் மறையீட்டு முறைகள் பல, பெரிய பகா எண்களை நம்பியே இயங்குகின்றன.

அந்த முறைகளும் நிரந்தரமானவை அல்ல. குவாண்டம் கணினிகள் வளர்ந்தால் இன்றைய பூட்டுகள் சில திறக்கப்படலாம் என்பதால், அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பு 2024 ஆகஸ்டில் புதிய மறையீட்டுத் தரங்கள் மூன்றை வெளியிட்டது. இந்தியாவிலும் 6,003 கோடி ரூபாய் மதிப்பிலான தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அடிப்படை அறிந்தவர் புதிய தரத்துக்கு மாறிக்கொள்வார். கருவியை மட்டும் அறிந்தவர் மீண்டும் பயிற்சி மையத்தின் வாசலில் நிற்க நேரும்.

சான்றிதழ்களுக்கு மதிப்பில்லை என்பதல்ல. நிறுவனங்கள் அவற்றைக் கேட்கின்றன. ஆனால் உலக அளவில் மதிக்கப்படும் 'சிஐஎஸ்எஸ்பி' சான்றிதழை முழுமையாகப் பெற, பொதுவாக ஐந்து ஆண்டுப் பணி அனுபவம் வேண்டும். படிப்பு முடித்தவுடன் அதைப் பெறலாம் என்று எவரேனும் விளம்பரம் செய்தால் எச்சரிக்கை தேவை.

எங்கே படிக்கலாம்?

பொறியியல் பட்டதாரிகளுக்கு முதன்மையான வாயில் 'கேட்' தேர்வு. இந்திய அறிவியல் கழகமும் ஏழு ஐஐடிகளும் இணைந்து நடத்தும் இத்தேர்வின் மதிப்பெண் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். கோவை அமிர்தா பல்கலைக்கழகம் இணையப் பாதுகாப்பில் எம்.டெக். படிப்பை நடத்திவருகிறது. புணேயில் பாதுகாப்பு அமைச்சகத்தின்கீழ் உள்ள உயர் தொழில்நுட்பக் கழகத்திலும் இத்துறையில் எம்.டெக். உண்டு. பணியில் இருப்பவர்களுக்காக கான்பூர் ஐஐடி, 'கேட்' மதிப்பெண் கேட்காத இணையவழி முதுநிலைப் படிப்பை நடத்துகிறது.

மூன்றாண்டுப் பட்டம் பெற்றவர்களுக்குப் பாதை வேறு. குஜராத் தடய அறிவியல் பல்கலைக்கழகமாக இருந்ததை தேசியப் பல்கலைக்கழகமாக்கும் மசோதாவை நாடாளுமன்றம் 2020 செப்டம்பரில் நிறைவேற்றியது. காந்திநகரைத் தலைமையிடமாகக் கொண்ட அப்பல்கலைக்கழகம், இணையப் பாதுகாப்பிலும் டிஜிட்டல் தடயவியலிலும் எம்.எஸ்சி. படிப்புகளைத் தனி நுழைவுத் தேர்வு மூலம் நடத்துகிறது. கர்நாடகத்தின் தார்வாடிலும் அதற்கு வளாகம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் சைபர் தடயவியல், தகவல் பாதுகாப்பு எம்.எஸ்சி. உள்ளது. மத்திய அரசின் 'சி-டாக்' நிறுவனம் ஏறக்குறைய ஆறு மாதக் கால முதுநிலைப் பட்டயப் படிப்பை வழங்குகிறது.

இங்கே ஓர் ஏற்றத்தாழ்வைச் சுட்டியாக வேண்டும். 'கேட்' தேறி, அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் எம்.டெக். சேரும் மாணவருக்கு அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழுமம் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை வழங்குகிறது. எம்.எஸ்சி. மாணவருக்கு அந்த உதவித்தொகை கிடையாது. பி.சி.ஏ., பி.எஸ்சி. வழியாக வருவோரில் வசதி குறைந்த குடும்பத்தினர் மிகுதி. இத்துறைக்கு ஆள் தேவை என்று கூறும் அரசு, அவர்களுக்கும் கை கொடுக்க வேண்டாமா?

இலக்குகளும் நிலைமையும்

சட்டங்களில் குறையில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இல் வந்தது. 2008-இல் அது திருத்தப்பட்டு, 'செர்ட்-இன்' அமைப்புக்குச் சட்டப்பூர்வமான இடம் அளிக்கப்பட்டது. சம்பவம் தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும், கணினிப் பதிவேடுகளை 180 நாள்களுக்குப் பாதுகாக்க வேண்டும் என்று அந்த அமைப்பு 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாப்பில் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி செய்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன.

இந்த ஒவ்வொரு பிரிவுக்கும் பின்னால் ஓர் ஆள் தேவை. ஆறு மணி நேரத்துக்குள் அறிக்கை தர வேண்டுமானால், பதிவேட்டைப் படித்து என்ன நடந்தது என்று சொல்லத் தெரிந்தவர் அலுவலகத்தில் இருக்க வேண்டும்.

2013-இல் வெளியான தேசிய இணையப் பாதுகாப்புக் கொள்கை, ஐந்து ஆண்டுகளில் 5 லட்சம் வல்லுநர்களை உருவாக்குவதை இலக்காக வைத்தது. மறு ஆண்டு ஒப்புதல் பெற்ற தகவல் பாதுகாப்புக் கல்வித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்துக்கு ஒதுக்கப்பட்டது 96 கோடி ரூபாய். பயிற்சி இலக்கு 1.14 லட்சம் பேர். கொள்கையில் ஓர் எண், திட்டத்தில் வேறோர் எண். 2023-இல் மூன்றாம் கட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தபோது இலக்கு 2.25 லட்சம் பேர் என்று நிர்ணயிக்கப்பட்டது. சில நாள் பயிற்சி பெற்றவரையும் இரண்டு ஆண்டு எம்.டெக். முடித்தவரையும் ஒரே கூட்டுத்தொகையில் சேர்த்தால் இலக்கு நிறைவேறலாம். ஆனால் எய்ம்ஸ் போன்றதொரு நாளில் தேவைப்படுவது கூட்டுத்தொகை அல்ல.

சேருமுன் கேட்க வேண்டியவை

பெயரில் 'சைபர்' என்ற சொல் இருப்பதாலேயே ஒரு படிப்பு தரமானதாகிவிடாது. பெற்றோரும் மாணவரும் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். இத்துறையில் ஆய்வு செய்த நிரந்தரப் பேராசிரியர்கள் எத்தனை பேர்? தாக்குதலையும் தடுப்பையும் செய்து பழக, வெளி வலையமைப்புடன் தொடர்பில்லாத தனி ஆய்வகம் இருக்கிறதா? கடந்த ஆண்டு மாணவர்கள் செய்த ஆய்வுத் திட்டங்களைப் பார்க்க முடியுமா? இவற்றுக்கு நேரடியான பதில் கிடைக்காத இடத்தில் கட்டணம் செலுத்தத் தயங்குவதே நல்லது.

மாணவர்கள் இன்னொன்றையும் மறக்கக்கூடாது. அனுமதியின்றிப் பிறர் கணினிக்குள் நுழைவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆவது பிரிவின்படி இழப்பீடு கோரப்படலாம். தீய நோக்கத்துடன் செய்தால் 66-ஆவது பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. பழகிப் பார்ப்பதெல்லாம் ஆய்வகத்துக்குள் மட்டுமே.

ஆக, இரண்டு ஆண்டு படிக்க வேண்டுமா என்ற விவேக் நகர் வீடுகளின் கேள்விக்கு, ஆசிரியரும் ஆய்வகமும் உள்ள இடத்தில் ஆம் என்றே பதில் கூறலாம். அப்படிப்பட்ட இடங்களைப் பெருக்குவதும், எம்.எஸ்சி. மாணவருக்கும் உதவித்தொகையை நீட்டிப்பதும் அரசின் பொறுப்பு. அடுத்த கூட்டத்தொடரில் சம்பவங்களின் எண்ணிக்கையைக் கேட்கும் உறுப்பினர்கள், முதுநிலை இடங்களின் எண்ணிக்கையையும் பேராசிரியர் காலியிடங்களையும் சேர்த்துக் கேட்டால் பட்டியல் முழுமை பெறும்.