வெந்நீர் சரி, கீழாநெல்லி?

கெளுத்தி முள் குத்தினால் என்ன செய்வீர்கள் என்று மும்பை சயான் கோளிவாடாவில் மீன் விற்கும் பெண்களைக் கேளுங்கள். "வெந்நீரில் கையை வை" என்பார்கள். எங்கள் ஊர் உவரியில் என் அம்மாவும் அதையேதான் சொல்வாள். நான் நர்ஸாகி மும்பைக்கு வந்த பிறகுதான் காரணம் தெரிந்தது. கெளுத்தி, திருக்கை முள்ளில் இருக்கும் விஷம் புரதம், சூட்டில் குலைந்துவிடும். சுமார் 45 டிகிரி, தோல் பொறுக்கிற சூட்டில், அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வைக்கலாம். முள் ஒடிந்து உள்ளே தங்கிவிட்டால் வெந்நீர் மட்டும் போதாது. அதை எடுக்கவேண்டும், டெட்டனஸ் ஊசியும் போடவேண்டும்.

அம்மைக்கு மாகிம் சீதளாதேவி. இந்தியாவில் கடைசிப் பெரியம்மை 1975-இல் வந்தது. தேவிக்குக் கும்பிடு இன்னும் குறையவில்லை. நாங்கள் வேதக்காரர்கள், இருந்தும் சின்னம்மை கண்டால் எங்கள் வாசலில் வேப்பிலை தொங்கும். அதை எடுக்கும்படி நான் யாரிடமும் சொன்னதில்லை. நோயாளியைத் தனியே படுக்கவைக்கிறார்களே, அது நல்லதுதானே!

எனக்குப் பயம் மஞ்சள் காமாலையில்தான். ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணியும். பேர் என்னவோ கீழாநெல்லிக்குப் போகும். ஆனால் மும்பை மழையில் கண் மஞ்சளானால் அது எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம். எலி மூத்திரம் கலந்த தண்ணீரில், செதிலும் முள்ளும் கீறிய கைகாலோடு நிற்பவர்கள் இந்த மீன்காரப் பெண்கள். 2005 ஜூலை 26-இல் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியதே, வெள்ளம் வடிந்ததும் அந்தக் காய்ச்சல்தான் பரவியது. ஆரம்பத்திலேயே பிடித்தால் டாக்சிசைக்ளின் போன்ற சாதாரண மாத்திரை போதும். ஒரு வாரம் கஷாயம் குடித்துவிட்டு வந்தால் சிறுநீரகம் கெட்டிருக்கலாம்.

"படிக்காத ஜனம், அதான் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை" என்பவர்களோடு எனக்குச் சண்டை. விடியலில் சசூன் டாக் ஏலம், காலையில் வியாபாரம். ஓபிடி நடப்பதும் அதே காலையில். வரிசையில் நின்றால் அன்றைய மீன் யார் வாங்குவார்கள்? அதனால் சாயங்காலம் சந்தில் ஊசி போடுபவரிடம் போகிறார்கள். 2022-இல் மாநகராட்சி தொடங்கிய 'ஆப்லா தவாகானா' இரவு 10 மணி வரை இருக்கிறது. கூடையைக் கழுவி வைத்துவிட்டுப் போகலாம். காய்ச்சலோடு கண்ணும் மஞ்சளானால், கெண்டைக்கால் வலித்தால், அங்கேயும் நிற்காமல் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கீழாநெல்லி குடித்திருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். திட்டினால் திட்டட்டும்.