வினைல் வெட்டும்போது பிளேட்டை மட்டும் குறை சொல்லாதீர்கள்!

நாரந்தனையில் இருந்து வினைல் வாங்கப் பண்ணைப் பாலம் கடந்து யாழ்ப்பாணம் போய்வர வேண்டும். ரீசேட்டில் பெயரும் இலக்கமும் ஒட்டிக் கொடுத்து வீட்டிலிருந்தே உழைக்கும் சகோதரிகளுக்கு, ஒரு தாள் வீணானாலும் அன்றைய உழைப்புப் போனதுதான்.

சூட்டில் ஒட்டும் வினைலின் பளபளப்பான பக்கம் அடிப்படலம். அதைக் கீழே வைத்து, எழுத்துகளை இடவலமாகத் திருப்பி வெட்டுங்கள். வினைல் முழுதாக அறுபட வேண்டும். அடிப்படலத்தில் மெல்லிய கீறல் மட்டுமே விழலாம்.

அறுபடவில்லையென்றால் பலரும் உடனே பிளேட்டை நீட்டிவிடுகிறார்கள். தவறு இங்கேதான்! பிளேட்டின் நீளம் வெட்டின் எல்லை. அதை அழுத்தும் பலமே பிரஷர். சாதாரண வினைல் 0.1 மில்லிமீற்றர் தடிப்புக்கூட இல்லை. எனவே பிளேட்டின் நுனி நகத்தில் தட்டுப்பட்டாலே போதும். அதன்பின் பிரஷரைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். இரண்டையும் ஒன்றாக மாற்றினால் பிழை எதிலென்று தெரியாது.

அடிப்படலமும் அறுந்து வந்தால் பிரஷரைக் குறையுங்கள். பிறகும் அறுந்தால் பிளேட்டை உள்ளே இழுங்கள். கூட்டியும் சரிவரவில்லையா? பிளேட் மழுங்கியிருக்கும், அல்லது மூடிக்குள் வினைல் துணுக்கு சிக்கியிருக்கும். சிறிய எழுத்துகள் கிளம்பினால் வேகத்தைக் குறையுங்கள். சாதாரண வினைலுக்கு 45 பாகைப் பிளேட்டும், தடித்த மினுக்கு வினைலுக்கு 60 பாகைப் பிளேட்டும் ஏற்றவை.

ஒவ்வொரு புதிய தாளிலும் முதலில் மூலையில் 1 சென்ரிமீற்றர் சதுரம் வெட்டி உரித்துப் பாருங்கள். சரிவந்த அளவை ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். அடுத்த தாள் வீணாகாது.