மலையடிவாரத்தில் ஒரு கத்தோலிக்க வீடு

1896ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் தேதி, மதுரை அமெரிக்க மிஷன் உயர்நிலைப் பள்ளியில் பயின்றுவந்த வேங்கடராமன் என்னும் பதினாறு வயது மாணவன், ஆங்கில இலக்கணப் பாடமொன்றை மும்முறை பார்த்தெழுத வேண்டுமென்ற தண்டனையை இரண்டாம் முறையோடு நிறுத்திவிட்டு, அண்ணனுடைய கல்லூரிச் சம்பளத்துக்கென இருந்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, திருவண்ணாமலையில் உள்ள அருணாசலத்தை நோக்கிப் புறப்பட்டான். பிற்காலத்தில் ரமண மகரிஷி என உலகம் அறிந்த அவருடைய ஆசிரமத்தைச் சுற்றிச் செங்கம் சாலையில் வளர்ந்திருக்கும் குடியிருப்புப் பகுதியில், வெளிநாடுகளிலிருந்தும் பெருநகரங்களிலிருந்தும் வந்து தங்கியிருப்போருள், தம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்கும் பெற்றோர் சிலரைக் காண்பது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

ஆனால் அவ்வாறு கற்பிப்பது ஒரு கத்தோலிக்கக் குடும்பமாயின், தமிழ்நாட்டான் சற்றே புருவத்தை உயர்த்துவான். நம் நாட்டில் மாதா கோயில் என்றாலே அதன் மதிலை ஒட்டிப் பள்ளிக்கூடம் ஒன்று நிற்பதும், கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள் என்று பிற மதத்தாரும் தம் மகளைப் பற்றிப் பெருமையோடு சொல்லிக்கொள்வதும் தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். பள்ளிக்கூடத்தை ஊரூராகக் கட்டிய சபையின் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட்டு விலகுவதாவது?

எனினும் தமிழ்க் கத்தோலிக்கரின் கல்வி பள்ளிக்கட்டடத்தில் தொடங்கியதன்று. வீட்டில் தொடங்கியது, அதுவும் விநோதமான முறையில். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார், மொழி தெரிந்தவர்களின் துணையால் முக்கியமான ஜெபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியோடு தெருத்தெருவாக நடந்து சிறுவர்களைக் கூட்டி அவற்றைக் கற்பித்தார்; கற்ற சிறுவர்களோ வீடு திரும்பித் தாய்தந்தையருக்கும் அயலாருக்கும் அவற்றைக் கற்பிக்க வேண்டுமென்றும், நோயாளிகளின் படுக்கையருகே சென்று ஓத வேண்டுமென்றும் கட்டளையிட்டார். அந்தக் கடற்கரைக் குடிசைகளில் ஆசிரியன் பிள்ளை, மாணாக்கர் பெற்றோர்! 1578இல் கொல்லத்தில் ஹென்றிக் ஹென்றிக்கஸ் பாதிரியார் அச்சேற்றிய ‘தம்பிரான் வணக்கம்’, இந்திய மண்ணில் தமிழில் அச்சான முதல் நூல், பதினாறே பக்கங்கள் கொண்ட ஞானோபதேசப் புத்தகமாக அமைந்ததும் அந்தப் போதனையின் தொடர்ச்சியே.

இதே சரித்திரத்தில் மறைக்கக் கூடாத ஒரு பக்கமும் உண்டு. அச்சிறுவர்கள் விக்கிரகங்களை உடைத்து மிதித்ததையும் சவேரியார் 1544இல் எழுதிய கடிதத்தில் மகிழ்ச்சியோடுதான் குறிப்பிட்டார். வீட்டுக்கல்வி என்பது எக்காலத்திலும் இனிமையானது என்று எண்ணுவோர் இக்கடிதத்தை ஒருமுறை படிப்பது நலம். வீட்டில் கற்றது எதுவாயினும் ஆழமாகப் பதியும், அன்பும் அப்படியே, துவேஷமும் அப்படியே.

நம் கத்தோலிக்க வீடுகளில் பிரெஞ்சுப் புனிதையான குழந்தை தெரேசம்மாளின் படம் இல்லாத வீடு குறைவு. தாயை நான்கரை வயதில் இழந்த அந்தச் சிறுமி, எட்டரை வயதுவரை அக்காள் பவுலினாவிடம் வீட்டிலேயே பாடம் கற்றாள்; 1881இல் கன்னியர் மடத்துப் பள்ளியில் சேர்ந்தபின் அங்கே மனம் வாடி, 1886இல் விலகி, மறுபடியும் தனி ஆசிரியை ஒருவரிடம் பயின்றாள். மாலை வேளைகளில் தந்தையோடு சிறிது நேரம் விளையாட்டு, திருவழிபாட்டு ஆண்டைப் பற்றிய நூலிலிருந்து வாசிப்பு, தந்தையின் பாட்டு, பின்பு ஜெபம் என நடந்த அந்த வீட்டு ஒழுங்கை அவளே தன் சரிதையில் எழுதிவைத்திருக்கிறாள். இது நமக்கு அந்நியமானதன்று. அந்தி சாய்ந்ததும் ஜெபமாலை சொல்லி முடித்து, பிள்ளைகள் பெரியவர்களுக்கு ‘ஸ்தோத்திரம்’ சொல்ல, பெரியவர்கள் அவர்கள் நெற்றியில் சிலுவை வரைந்து ஆசீர்வதிக்கும் வழக்கம் உள்ள வீடுகள் இன்றும் இருக்கின்றன. தொலைக்காட்சித் தொடர்கள் அந்த நேரத்தைப் பறித்துக்கொண்ட வீடுகள் அவற்றினும் அதிகம் என்பது வேறு விஷயம்.

பெற்றோரே பிள்ளைகளின் முதலும் முக்கியமுமான ஆசிரியர் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் தன் கிறிஸ்தவக் கல்விப் பிரகடனத்தில் வற்புறுத்தியது 1965ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் தேதி. பிற சமயங்களில் உண்மையும் புனிதமுமாய் உள்ள எதனையும் சபை தள்ளுவதில்லை என்று, இந்து சமயத்தைப் பெயர் சுட்டியே பேசிய மற்றொரு பிரகடனத்தை அதே சங்கம் வெளியிட்டதும் அதே நாள். ரோமாபுரியில் இவை இரண்டு ஏடுகளாக இருக்கலாம். ரமணாசிரமத்துப் பக்கம் குடியிருக்கும் கத்தோலிக்கத் தகப்பனுக்கு இவை இரண்டும் ஒரே பாடம். பௌர்ணமிதோறும் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலம் வரும் ஜனசமுத்திரம் அவன் தெருமுனையைக் கடந்து செல்கிறது. திருவருகைக் காலத்து முதல் மெழுகுவர்த்தியை வீட்டில் ஏற்றும் நாட்களை ஒட்டியே பல ஆண்டுகளில் கார்த்திகைத் தீபமும் மலையுச்சியில் எரிகிறது. “அப்பா, அது என்ன நெருப்பு? நாம் ஏன் நடக்கவில்லை?” என்று பிள்ளை கேட்டால், பள்ளியின் ஞானோபதேச வகுப்புக்குத் தள்ளிவிட்டுத் தப்பிக்க அவனுக்கு வழியில்லை.

இந்தக் கேள்வியை வளர்ந்தவர் ஒருவரே சுமந்து திரிந்ததுண்டு. பிரெஞ்சு பெனடிக்டின் துறவி ஹென்றி லெ சோ, 1949 ஜனவரியில் மகரிஷியைத் தரிசித்து, மறு ஆண்டு மொன்சானின் சுவாமியாரோடு குளித்தலை அருகே சாந்திவனத்தை நிறுவி, 1952 முதல் அருணாசலக் குகைகளில் பலமுறை தங்கி, அபிஷிக்தானந்தர் என்னும் பெயரில், 1973இல் மறையும்வரை இரு மரபுகளுக்கும் இடையே தத்தளித்தார். அத்துணை கல்வியும் தவமும் உடையவருக்கே எளிதில் விடை அகப்படாத வினாவுக்குக் குழந்தையிடம் ஒற்றை வரியில் பதில் சொல்லிவிடுவோர் மீது எனக்கு நம்பிக்கை இல்லை.

சட்டத்தைப் பற்றிச் சில சொற்கள் போதும். ஆறு முதல் பதினான்கு வயதுவரை பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் கூறுகிறது. தவறும் பெற்றோருக்குத் தண்டனை எதையும் அது விதிக்கவில்லை. பதினான்கு வயது நிறைந்தபின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியே பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வை எழுதலாம்.

எனினும் வீட்டுக்கல்வியைப் போற்றுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். இதே திருவண்ணாமலை மாவட்டத்துச் சேத்துப்பட்டை மையமாகக் கொண்டு பத்தொன்பதாம் நூற்றாண்டில் உழைத்த தரஸ் சுவாமியாரிடம் ஞானஸ்நானம் பெற்ற குடும்பங்களுள் பெரும்பாலானவை ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டவை. எழுத்தறிவு என்பது அவர்களுக்கு வீட்டில் கிடைத்ததன்று, பிறர் வாசலில் நின்று பெற்றதுமன்று, கோயிலை ஒட்டிய பள்ளியில்தான் கிடைத்தது. அவர்களின் பேரப்பிள்ளைகளைப் பார்த்து, பள்ளி வேண்டாம், வீடே போதும் என்று உபதேசிக்கும் துணிவு எனக்கில்லை. வீட்டுக்கல்வியின் பாரம் பெரும்பாலும் தாயின் தலையிலேயே விழுகிறது. காலையில் நாற்று நடப் போகும் தாய்க்கு அந்த அவகாசம் ஏது? அவளிடம் எஞ்சியிருப்பது அந்தி வேளை ஒன்றுதான். தீபத்தைப் பற்றிய கேள்வியைப் பிள்ளை கேட்பதும் பெரும்பாலும் அந்த வேளையில்தான்.