வலை வழங்கி நிறுவலும் இயக்கமும்

வலை வழங்கி என்பது, இணையத்திலோ ஓர் உள்ளகப் பிணையத்திலோ உள்ள உலாவிகள் கேட்கும் பக்கங்களை எச்.டி.டி.பி என்னும் நெறிமுறைப்படி அனுப்பிவைக்கும் மென்பொருள் ஆகும். அம்மென்பொருள் இயங்கும் கணினியும் இப்பெயராலேயே அழைக்கப்படுவதுண்டு. கோப்பு, அச்சுப்பொறி, பயனர் கணக்கு போன்றவற்றைப் பிணையத்தின் வழியே பலருக்குப் பகிர்ந்தளிக்கும் இயங்குதளம் பிணைய இயங்குதளம் எனப்படும். லினக்ஸ், பி.எஸ்.டி குடும்பம், விண்டோஸ் சர்வர் ஆகியன இவ்வகையில் பெரிதும் பயன்படுகின்றன.

வலை வழங்கியை நிறுவச் சில நிமிடங்களே போதும். ஆனால், அவ்வழங்கியிலிருந்து ஒரு தமிழ்ப் பக்கம் பிழையின்றி வாசகரை அடைவது எழுத்துக் குறியாக்கம், கோப்பின் பெயர், கோப்பு அனுமதி, தொடர்ந்த பராமரிப்பு ஆகியவற்றைப் பொறுத்தது. ஸ்ரீரங்கம் என்னும் ஊர்ப் பெயரே இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். அப்பெயரைக் கணினியில் இரு விதமாகச் சேமிக்கலாம். வாசகரின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. வழங்கிக்கோ இரண்டும் வெவ்வேறு பெயர்கள்.

வரலாறு

முதலாவது வலை வழங்கியை டிம் பேர்னர்ஸ்-லீ 1990 இல் சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வுகூடத்தில் நெக்ஸ்ட் வகைக் கணினி ஒன்றில் உருவாக்கினார். அப்பாச்சி வழங்கி 1995 இல் வெளியாகி, 1996 இல் உலகில் மிகுதியாகப் பயன்படும் வழங்கியாயிற்று. மைக்ரோசாப்ட்டின் ஐ.ஐ.எஸ் வழங்கியின் இரண்டாம் பதிப்பு 1996 இல் விண்டோஸ் என்.டி 4.0 உடன் சேர்ந்தே வந்தது. உருசியரான இகோர் சிசோயெவ் எழுதிய என்ஜின்எக்ஸ் 2004 இல் பொதுமக்களுக்கு வெளியிடப்பட்டது.

1983 இல் அறிமுகமான நாவெல் நெட்வேர் பிணைய இயங்குதளங்களில் ஒரு காலத்தில் முன்னணியில் இருந்தது. கோப்புகளையும் அச்சுப்பொறிகளையும் பகிர்வதே அதன் முதன்மைப் பணி. 2003 இல் வெளியான நெட்வேர் 6.5 பதிப்பில் அப்பாச்சி, மைஎஸ்கியூஎல், பி.எச்.பி ஆகியன சேர்க்கப்பட்டிருந்தன. பின்னர் அதன் இடத்தை லினக்சும் விண்டோஸ் சர்வரும் பிடித்துக்கொண்டன.

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணைய இணைப்பை 1995 ஆகத்து 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் தொடங்கியது.

திருச்சிராப்பள்ளியில்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே தீவாக அமைந்த ஸ்ரீரங்கம், 1994 இல் உருவான திருச்சிராப்பள்ளி மாநகராட்சியின் ஒரு பகுதியாகும். மாநகருக்குக் கிழக்கே, தஞ்சாவூர்ச் சாலையில் துவாக்குடிக்கு அருகில் தேசியத் தொழில்நுட்பக் கழகம் உள்ளது. 1964 இல் மண்டலப் பொறியியற் கல்லூரியாகத் தொடங்கப்பட்ட இது 2003 இல் இப்பெயரைப் பெற்றது. இதன் கணினி மையம் அமைந்துள்ள கட்டடம் ஆக்டகன் என அழைக்கப்படுகிறது. இக்கழக மாணவர்களின் டெல்டா என்னும் குழு, பிரக்யான் என்னும் ஆண்டு விழாவின் வலைத்தளத்துக்காக பிரக்யான் சி.எம்.எஸ் என்ற உள்ளடக்க மேலாண்மைத் தொகுதியை பி.எச்.பி மொழியில் எழுதித் திறமூல மென்பொருளாக வெளியிட்டது. வலை வழங்கியைப் பாடமாகப் படிப்பதோடு நில்லாமல், அதை நடத்தியே கற்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டாகும்.

அரசுத் தளங்களைப் பொறுத்தவரை, திருச்சிராப்பள்ளி மாவட்ட வலைத்தளத்துக்குத் தேசியத் தகவலியல் மையமும், ஸ்ரீரங்கம் அரங்கநாதசுவாமி கோயிலின் வலைத்தளத்துக்கு இந்து சமய அறநிலையத் துறையும் இடமளிக்கின்றன. இத்தகைய தளங்கள் பெரும் தரவு மையங்களில் இயங்குவன. பள்ளி, கல்லூரி, நூலகம் போன்றவை தம் உள்ளகப் பிணையத்துக்கெனச் சொந்தமாக ஒரு வழங்கியை நடத்த விரும்பினால் கீழ்க்காணும் படிகள் உதவும்.

நிறுவல்

எடுத்துக்காட்டாக, திருச்சிராப்பள்ளிக் கல்லூரி ஒன்றின் கணினி ஆய்வுகூடத்தில், உபுண்டு லினக்சின் வழங்கிப் பதிப்பு இடப்பட்ட ஒரு கணினி இருப்பதாகக் கொள்வோம்.

1. கணினிக்கு மாறாத உள்ளக முகவரி ஒன்றை ஒதுக்க வேண்டும். முகவரி நாள்தோறும் மாறினால் ஏனைய கணினிகள் வழங்கியைக் கண்டுபிடிக்க இயலாது.

2. ஆப்ட் என்னும் பொதி மேலாண்மைக் கருவியின் பட்டியலைப் புதுப்பித்து, அப்பாச்சி2 என்னும் பொதியை நிறுவ வேண்டும். நிறுவல் முடிந்தவுடன் வழங்கி தானாகவே இயங்கத் தொடங்கும். கணினியை மீளத் தொடங்கும்போதும் தானாகவே இயங்கும்.

3. அதே கணினியில் உலாவியைத் திறந்து 127.0.0.1 என்ற முகவரியை இடவும். இது எந்தக் கணினியும் தன்னைத் தானே குறிக்கும் முகவரியாகும். அப்பாச்சியின் வரவேற்புப் பக்கம் தோன்றினால் நிறுவல் சரியாக நடந்துள்ளது.

4. அடுத்து, பிணையத்திலுள்ள மற்றொரு கணினியிலிருந்து வழங்கியின் உள்ளக முகவரியை இட்டுப் பார்க்கவும். முதற் சோதனை வெற்றி பெற்று இச்சோதனை தோற்றால், தீயரணையும் பிணைய இணைப்பையும் முதலில் சரிபார்க்க வேண்டும். எச்.டி.டி.பி 80 ஆம் வாயிலையும், மறையாக்கம் செய்த எச்.டி.டி.பி.எஸ் 443 ஆம் வாயிலையும் பயன்படுத்துகின்றன. தீயரண் இவ்விரண்டையும் அனுமதிக்க வேண்டும்.

விண்டோஸ் சர்வரில் ஐ.ஐ.எஸ் இயங்குதளத்தின் ஒரு கூறாகவே வருகிறது. சர்வர் மேனேஜர் என்னும் கருவியில் வலை வழங்கிப் பணியைத் தேர்வு செய்து அதனை இயக்கலாம்.

பயனர் கணக்கும் கோப்பு அனுமதியும்

லினக்சில் 1024 க்குக் குறைந்த எண்ணுடைய வாயில்களைத் திறக்க வழக்கமாக முதன்மைப் பயனரின் உரிமை தேவை. எனவே, அப்பாச்சி அவ்வுரிமையுடன் தொடங்கி வாயிலைத் திறந்தபின், கோரிக்கைகளுக்கு விடையளிக்கும் வேலையைக் குறைந்த உரிமையுடைய தனிக் கணக்கிடம் ஒப்படைக்கிறது. வழங்கியில் உள்ள ஓட்டை ஒன்றின் வழியே ஊடுருவுவோர் முழுக் கணினியையும் கைப்பற்றாதிருக்கவே இந்த ஏற்பாடு.

இத்தனிக் கணக்கு படிக்க இயலாத கோப்பை உலாவி கேட்டால் 403 என்னும் பிழை கிடைக்கும். பொதுவாக அடைவுகளுக்கு 755, கோப்புகளுக்கு 644 என்ற அனுமதிகள் போதுமானவை. பிழையை நீக்கும் அவசரத்தில் எல்லாவற்றுக்கும் 777 என்று அனுமதியளிப்பது, கணினியில் கணக்குள்ள எவரும் பக்கங்களை மாற்ற வழிசெய்யும்.

தமிழ் எழுத்துக் குறியாக்கம்

ஒருங்குறி பரவுவதற்கு முன்னர் தமிழ்ப் பக்கங்கள் டிஸ்கி, டேம், டேப் எனப் பல குறியாக்கங்களில் எழுதப்பட்டன. 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் டிஸ்கியில் வெளிவந்து, பின்னர் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன. தமிழ்நாடு அரசு 2010 சூன் மாதத்தில் ஒருங்குறியையும், அது பயன்படாத இடங்களுக்கு டேஸ் 16 என்னும் குறியாக்கத்தையும் தரமாக ஏற்றது.

வலை வழங்கி ஒவ்வொரு பக்கத்துக்கும் முன்னர் ஒரு தலைப்பகுதியை அனுப்புகிறது. பக்கத்தின் குறியாக்கம் எது என்பதையும் அதில் குறிப்பிடலாம். பக்கத்தின் உள்ளே ஒரு குறியாக்கமும் தலைப்பகுதியில் வேறொன்றும் கூறப்பட்டிருந்தால், உலாவி தலைப்பகுதியையே நம்பும். அப்பாச்சி 2.0 இன் தொடக்கப் பதிப்புகளுடன் வந்த அமைவுக் கோப்பு, எல்லாப் பக்கங்களையும் மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான ஐ.எஸ்.ஓ 8859-1 என அறிவித்தது. இதனால், சரியாக எழுதப்பட்ட தமிழ்ப் பக்கங்களும் பொருளற்ற குறிகளாகத் தோன்றின. ஆக்கியவர் தம் கோப்பை எத்தனை முறை திருத்தினாலும் பயனில்லை. பிழை வழங்கியின் அமைவில் இருந்தது. அமைவில் இயல்புக் குறியாக்கத்தை யூ.டி.எஃப்-8 என மாற்றுவதே இதற்குத் தீர்வாகும். பழைய டிஸ்கிப் பக்கங்கள் அதே வழங்கியில் இருந்தால், அவற்றை ஒருங்குறிக்கு மாற்றியபின் இதனைச் செய்ய வேண்டும்.

தமிழில் கோப்புப் பெயர்கள்

யூ.டி.எஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டு இடம் கொள்ளும். 'திருச்சிராப்பள்ளி' என்னும் பெயர் 17 குறிகளால் ஆனது. எனவே 51 பைட்டு. வலை முகவரியில் ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரு பதினறும இலக்கங்களுமாக எழுதப்படுவதால், அது 153 எழுத்துகளாக நீளும். லினக்சின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் ஒரு பெயருக்கான எல்லை 255 பைட்டு. அதாவது 85 தமிழ்க் குறிகள்.

நீளத்தை விடப் பெரிய இடர்ப்பாடு, ஒரே பெயர் இரு வடிவங்களில் அமைவதாகும்.

ஸ்ரீ: இவ்வெழுத்தை ஸ், ரீ ஆகியவற்றைச் சேர்த்தும், ஶ், ரீ ஆகியவற்றைச் சேர்த்தும் பெறலாம். ஶ என்னும் எழுத்து 2005 இல் ஒருங்குறி 4.1 பதிப்பில் சேர்க்கப்பட்டது. அதற்கு முன் முதல் வரிசை மட்டுமே வழக்கில் இருந்தது. அதன்பின் இரண்டாவதே தக்கது என ஒருங்குறித் தரம் கூறுகிறது. பல எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே வடிவில் காட்டுகின்றன. ஆகவே, ஸ்ரீரங்கம் என்னும் பெயரில் ஒருவர் கோப்பைச் சேமித்து, மற்றொருவர் வேறு விசைப்பலகையால் அப்பெயரை முகவரியில் தட்டச்சிட்டால், கோப்பு இருந்தும் 'காணப்படவில்லை' என்னும் 404 பிழை வரக்கூடும்.

கோ: வைணவ மரபில் 'கோயில்' என்றாலே அது ஸ்ரீரங்கத்தைக் குறிக்கும். இச்சொல்லின் முதலெழுத்தில் உள்ள உயிர்க்குறியை ஒரே குறியாகவும், முன்னும் பின்னும் வரும் இரு குறிகளாகவும் சேமிக்கலாம். முதல் வகையில் 'கோயில்' 18 பைட்டு. இரண்டாம் வகையில் 21 பைட்டு. ஆப்பிளின் பழைய எச்.எஃப்.எஸ் பிளஸ் கோப்பு முறைமை இத்தகைய குறிகளைப் பிரித்தே சேமித்தது. அங்கிருந்து லினக்ஸ் வழங்கிக்குப் படியெடுக்கப்பட்ட கோப்புகள் பிரிந்த பெயருடனேயே வந்து சேரக்கூடும்.

இவ்விரண்டுக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. 'கோ' வின் இரு வடிவங்களும் சமமானவை என ஒருங்குறித் தரம் ஏற்பதால், கான்வ்எம்வி போன்ற கருவிகளால் கோப்புப் பெயர்களை ஒரே வடிவுக்கு மாற்றிவிடலாம். 'ஸ்ரீ' யின் இரு வரிசைகளையும் தரம் அவ்வாறு சமப்படுத்துவதில்லை. அதனால், ஒன்றிலிருந்து மற்றதற்கு வழிமாற்று ஒன்றை வழங்கியின் அமைவில் எழுதுவதே வழி. பெயர்களை இயல்பாக்கும் மீடியாவிக்கி மென்பொருளிலும் இவ்வெழுத்துக்கு வழிமாற்று தேவைப்படுகிறது.

எந்த வடிவம் கேட்கப்பட்டது என்பதை வழங்கியின் அணுகல் பதிவேட்டில் அறியலாம். ஸ என்னும் எழுத்தின் மூன்றாம் பைட்டு பதினறும எண்ணில் பி8. ஶ எழுத்தினுடையது பி6. திரையில் ஒன்றாகத் தோன்றும் இரு பெயர்களும் பதிவேட்டில் வேறாகத் தெரியும்.

தமிழில் ஆள்களப் பெயர்கள்

2007 இல் ஐகான் அமைப்பு பன்மொழி ஆள்களப் பெயர்களைச் சோதிக்க 'உதாரணம்.பரிட்சை' என்னும் தமிழ் முகவரியையும் அமைத்தது. பின்னர் 2010–2011 காலத்தில் .இலங்கை, .சிங்கப்பூர், .இந்தியா ஆகிய உயர்நிலை ஆள்களங்கள் சேர்க்கப்பட்டன. ஆள்களப் பெயர் முறைமையில் இவை இலத்தீன் எழுத்துகளாலான பியூனிக்கோடு வடிவிலேயே பதியப்படுகின்றன. எனவே, வழங்கியின் அமைவுக் கோப்பிலும் தளத்தின் பெயரைப் பியூனிக்கோடு வடிவில் தருவதே பாதுகாப்பானது.

இயக்கமும் பராமரிப்பும்

அமைவு மாற்றம்: அமைவுக் கோப்பை மாற்றியபின், அப்பாச்சியுடன் வரும் சோதனை ஆணையை இயக்கிப் பிழையில்லை என உறுதிசெய்த பின்னரே வழங்கியை மீளத் தொடங்க வேண்டும். ஒரு குறி தவறினாலும் அதிலுள்ள எல்லாத் தளங்களும் நின்றுவிடலாம்.

சான்றிதழ்: 2015 முதல் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு மறையாக்கச் சான்றிதழ்களைக் கட்டணமின்றி வழங்கி வருகிறது. சான்றிதழ்களின் செல்லுபடிக் காலம் 2029 மார்ச்சுக்குள் படிப்படியாக 47 நாட்களாகக் குறைக்கப்படும் என 2025 இல் முடிவாகியுள்ளதால், அவற்றைத் தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு இன்றியமையாதது.

மின்சாரம்: 2012 ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழ்நாட்டின் மாவட்டங்களில் பல மணி நேர மின்வெட்டு நிலவியது. மின்சாரம் திடீரென நின்றால், எழுதிக்கொண்டிருந்த தரவுத்தளம் சிதையக்கூடும். தடையில்லா மின்வழங்கி பொருத்துவதோடு, அதன் மின்கலம் தீரும் முன் கணினி தானாக முறைப்படி அணையுமாறும் அமைக்க வேண்டும்.

காப்புப்படி: பக்கங்கள், தரவுத்தளம், அமைவுக் கோப்புகள் ஆகிய மூன்றையும் வேறொரு கணினியில் படியெடுத்து வைக்க வேண்டும். அப்படியிலிருந்து தளத்தை மீட்டெடுக்க முடிகிறதா என்பதையும் அவ்வப்போது சோதிக்க வேண்டும். 2009 அக்டோபரில் யாகூ நிறுவனம் ஜியோசிட்டீஸ் சேவையை மூடியபோது, அங்கிருந்த தனியார் பக்கங்கள் பெருமளவில் மறைந்தன. படி வைத்திருந்தோர் வேறிடத்தில் தம் தளத்தை மீண்டும் அமைக்க முடிந்தது.

புதுப்பிப்பு: உபுண்டுவின் நெடுங்கால ஆதரவுப் பதிப்புகளுக்கு ஐந்து ஆண்டுகள் பொதுவான பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கின்றன. மாணவர்கள் அமைக்கும் வழங்கிகளைப் பொறுத்தவரை இது கவனிக்கத்தக்கது. அமைத்தவர் படிப்பு முடித்துச் சென்றபின்னும் வழங்கி இயங்கிக்கொண்டிருக்கும். எனவே அமைவு விவரங்களையும், காப்புப்படி உள்ள இடத்தையும், ஸ்ரீரங்கம் போன்ற பெயர்களுக்கு எழுதப்பட்ட வழிமாற்றுகளையும் ஏட்டில் குறித்து அடுத்து வருபவரிடம் ஒப்படைப்பதும் வழங்கியை இயக்கும் பணியில் அடங்கும்.