காரைக்காலில் கப்பலேறிய பாட்டு

காரைக்கால் கரையிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் கப்பலேறிய தமிழ்க் குடும்பங்களின் பாட்டும் கூத்தும் இன்னும் மூன்று தீவுகளில் உயிரோடு இருக்கின்றன. ஒன்று இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன். மற்ற இரண்டும் கரீபியன் கடலில் உள்ள குவாதலூப், மர்த்தினிக். மூன்றும் இன்றும் பிரான்ஸைச் சேர்ந்தவை. அங்கே பாரதக் கதையையும் மாரியம்மன் பாட்டையும் பாடுகிறவர்களில் பெரும்பாலோருக்குத் தமிழ் பேச வராது. அவர்கள் வீட்டில் பேசுவது கிரியோல், பள்ளியில் படித்தது பிரெஞ்சு. ஆனாலும் அப்பன் பாடியதை மகனும், அவன் பாடியதைப் பேரனும் மனப்பாடமாகப் பாடி வந்ததால் ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் அந்தப் பாடல்கள் அழியவில்லை. இப்போதுள்ள தலைமுறை அந்தப் பாட்டுகளை மறுபடி எடுத்துப் பார்த்து, அவற்றின் பொருளைத் தேடிக்கொண்டிருக்கிறது.

புறப்பட்ட கரை

காரைக்கால் காவிரிப் படுகையின் கடைமடையில், அரசலாறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 160 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தச் சிறு நிலப்பகுதிக்குக் கிழக்கே வங்கக் கடல், மற்ற மூன்று புறமும் தமிழ்நாடு. 1739இல் தஞ்சை மராட்டிய அரசிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் இதைப் பெற்றார்கள். 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வரும்வரை, இடையில் ஆங்கிலேயர் பிடித்திருந்த சில காலம் தவிர, இங்கே பிரெஞ்சுக் கொடிதான் பறந்தது.

1848இல் பிரான்ஸ் தன் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழித்தது. ரீயூனியனில் மட்டும் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் விடுதலை பெற்றனர். கரும்புத் தோட்ட முதலாளிகள் வேலைக்கு வேறு ஆள் தேடினார்கள். பிரெஞ்சுக் கொடியின் கீழிருந்த புதுச்சேரியும் காரைக்காலும் அதற்கு வசதியான துறைமுகங்கள். மேஸ்திரிகள் எனப்பட்ட ஆள்பிடிப்பவர்கள் எல்லை தாண்டித் தஞ்சை மாவட்டத்துக் கிராமங்களுக்குள் போய், கூலி விவசாயிகளை அழைத்து வந்தார்கள். அப்படி வந்தவர்கள் துறைமுகத்தில் இருந்த கிடங்குகளில் தங்கி, ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துக் கப்பல் ஏறினார்கள். ரீயூனியனுக்குச் சில வாரப் பயணம். ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக் கரீபியன் போய்ச் சேர ஏறக்குறைய மூன்று மாதம்.

மர்த்தினிக்குக்கு முதல் கப்பல் 1853இலும், குவாதலூப்புக்கு 1854இலும் போய்ச் சேர்ந்தன. இரண்டு முறையும் ஆட்களைக் கொண்டு சென்றது 'ஒரேலி' என்ற கப்பல். 1861இல் பிரிட்டனும் பிரான்ஸும் செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பிறகு ஆங்கிலேயத் துறைமுகங்களிலிருந்தும் ஆட்கள் போனார்கள். ஆட்கள் நடத்தப்பட்ட விதம் பற்றிப் புகார்கள் பெருகியதால், ரீயூனியனுக்கு ஆள் அனுப்புவதை ஆங்கில அரசு 1882இல் நிறுத்தியது. கரீபியன் தீவுகளுக்குப் போவதும் 1880களோடு முடிந்தது. அதற்குள் ரீயூனியனுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரும், குவாதலூப்புக்குச் சுமார் 42,000 பேரும், மர்த்தினிக்குக்குச் சுமார் 25,000 பேரும் போயிருந்தனர். திரும்பிவரக் கப்பல் உண்டு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தும் பலர் திரும்பவில்லை.

எடுத்துப்போன பாட்டு

காவிரிப் படுகை உழவர்களுக்கு ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு பாட்டு உண்டு. நாற்று நடும்போது நடவுப் பாட்டு, நீர் இறைக்கும்போது ஏற்றப் பாட்டு, வண்டி ஓட்டும்போது தெம்மாங்கு. கடலோரத்து மீனவர்கள் வலை இழுக்கவும் படகு தள்ளவும் பாடுவது அம்பாப் பாட்டு. தொட்டிலில் தாலாட்டு, திருவிழாவில் கும்மி, இழவு வீட்டில் ஒப்பாரி. அம்மன் கோவில்களில் உடுக்கை அடித்து வர்ணிப்புப் பாடுவார்கள். திரௌபதி அம்மன் கோவில்களில் பாரதம் படித்து, கூத்து நடத்தி, தீமிதியோடு விழாவை முடிப்பார்கள்.

இவற்றில் எல்லாமே கடல் தாண்டித் தங்கிவிடவில்லை. கரும்பு வெட்டும் வேலைக்கு நடவுப் பாட்டின் தாளம் பொருந்தாது. ஏற்றமும் வலையும் அங்கே அன்றாட வேலையாக இல்லாததால் அவற்றின் பாட்டுகளுக்கும் இடமில்லாமல் போயிற்று. தாலாட்டு தாயின் பேச்சுமொழியை நம்பி இருப்பது. பேச்சு கிரியோலுக்கு மாறியதும் அதுவும் மங்கியது. தங்கியவை பெரும்பாலும் தெய்வத்தோடு கட்டப்பட்ட பாட்டுகள்: மாரியம்மன் பாட்டு, மதுரைவீரன் கதை, பாரதக் கூத்து. நேர்த்திக்கடன் இருக்கும்வரை அவற்றைப் பாடியே ஆக வேண்டும். பாடாவிட்டால் பூசை முடியாது.

காரைக்காலை அடுத்துள்ள நாகூரின் ஆண்டவரும் இவர்களோடு கப்பலேறினார். கடற்பயணத்தில் காப்பவர் என்று இந்தக் கரை முழுவதும் நம்பப்படும் ஷாகுல் ஹமீது ஆண்டகையை ரீயூனியனிலும் கரீபியன் தீவுகளிலும் இந்து வழிபாட்டுக்குள்ளேயே 'நாகூர் மீரா' என்று வணங்குகிறார்கள். அவருக்கு உயரமான மரம் நட்டுக் கொடி ஏற்றுகிறார்கள். பாட்டைச் சுமந்து சென்றவர்கள் எந்தக் கரையிலிருந்து போனார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் தேவையில்லை.

ரீயூனியனின் வாத்தியார் குடும்பங்கள்

ரீயூனியனில் தமிழர்களை 'மலபார்' என்பார்கள். அவர்களுடைய கூத்துக்கு 'நார்ல்கோன்' என்று பெயர். நாடகம் என்ற சொல் கிரியோல் நாவில் அப்படி ஆயிற்று. பிரெஞ்சில் அதை 'பால் தமூல்', அதாவது தமிழ் ஆட்டம், என்பார்கள். இரவெல்லாம் திறந்த வெளியில் நடப்பது இது. கண்ணாடி பதித்த தலைக்கட்டும் தோள் அணியும் கட்டி, முகத்தில் அரிதாரம் பூசி, காலில் சலங்கையோடு ஆட்டக்காரர்கள் வருவார்கள். மத்தளமும் தாளமும் பக்கவாத்தியம். பெண் வேடமும் ஆண்களே கட்டுவது மரபு. பெரும்பாலான கதைகள் பாரதத்திலிருந்து வருபவை.

இந்த ஆட்டத்தின் தலைவருக்குத் தீவில் 'வார்த்தியால்' என்று பெயர். நம் ஊர்க் கூத்து வாத்தியார்தான் அவர். பாட்டு முழுவதையும் அறிந்தவரும், ஆட்டக்காரருக்கு அடியெடுத்துக் கொடுப்பவரும், யாருக்கு எந்த வேடம் என்று முடிவு செய்பவரும் அவரே. இந்தப் பொறுப்பு பெரும்பாலும் குடும்பத்துக்குள் அப்பனிடமிருந்து மகனுக்கோ, மாமனிடமிருந்து மருமகனுக்கோ போகிறது. சிறுவர்கள் முதலில் தாளம் தட்டுவார்கள், பிறகு பின்பாட்டு, பிறகு சிறு வேடம். பகலில் கரும்பாலையிலும் தோட்டத்திலும் உழைத்தவர்கள் இரவில் உட்கார்ந்து இவற்றைச் சொல்லிக் கொடுத்தார்கள்.

குடும்பத்தின் சொத்து ஒரு நோட்டுப்புத்தகம். முதல் தலைமுறையில் எழுதப் படிக்கத் தெரிந்த சிலர் பாட்டுகளைத் தமிழில் எழுதி வைத்தார்கள். ஊரிலிருந்து வந்த அச்சு நூல்களும் சிலரிடம் இருந்தன. பின்வந்தவர்களுக்குத் தமிழ் எழுத்து தெரியவில்லை. அவர்கள் காதில் விழுந்ததை விழுந்தபடியே பிரெஞ்சு எழுத்தில் எழுதிக்கொண்டார்கள். அந்த எழுத்தில் குறில் நெடில் வேறுபாடு இல்லை. ழகரமும் ளகரமும் லகரத்தோடு கலந்துவிட்டன. எங்கே ஒரு சொல் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதும் மறைந்தது. ஆனால் இசையும் தாளமும் அசையாமல் நின்றன. பாட்டின் சந்தம் அதற்குக் காவலாக இருந்தது: ஓர் அசை குறைந்தால் மத்தளக்காரனுக்கு உடனே தெரிந்துவிடும்.

பாட்டுக்கு ஆண்டில் ஒரு நாள் குறித்து வைத்தது தீமிதி. பாஞ்சாலியைத் தீவில் 'பாந்தியாலே' என்கிறார்கள். அவளுக்காக விரதம் இருந்து, பாரதக் கதை கேட்டு, பூக்குழி இறங்கும் வழக்கம் இன்றும் தீவின் பல கோவில்களில் நடக்கிறது. அந்த நாள் தப்பாமல் வருவதால் பாடுபவரும் தப்ப முடியாது. ஒரு குடும்பம் வாழ்நாள் முழுதும் அதே பாட்டுகளை ஆண்டுதோறும் பாடியதற்கு முதற்காரணம் இதுதான்.

கரீபியனில் நாத்ரோன்

குவாதலூப்பில் கூத்துக்கு 'நாத்ரோன்' என்று பெயர். மதுரைவீரனை அங்கே 'மால்தெவிலேன்' என்றும், மாரியம்மனை 'மாலியெமென்' என்றும் அழைக்கிறார்கள். பூசைக்கு அடிக்கும் பறைக்கு 'தபூ' என்று பெயர். நம் ஊர்த் தப்பைப் போலவே அதையும் நெருப்பில் காய்ச்சித்தான் அடிக்கிறார்கள். தாய்நாட்டோடு தொடர்பு ரீயூனியனைவிட இங்கே அதிகமாக அறுந்தது. தொலைவு ஒரு காரணம். ஆள்தொகை குறைவு, தோட்டங்களில் மரணம் அதிகம் என்பவை மற்றவை. குழந்தைகளுக்குக் கிறித்தவப் பெயர் வைக்கப்பட்டது. அப்பனின் தமிழ்ப் பெயர் குடும்பப் பெயராக மட்டும் ஒட்டிக்கொண்டது. முத்துசாமி, சிதம்பரம், ராமசாமி போன்ற பெயர்கள் இன்றும் அந்தத் தீவுகளின் வாக்காளர் பட்டியலில் உள்ளன.

மர்த்தினிக்கில் 'ஸ்வாஸோ' என்று ஊரார் அழைத்த அந்துவான் தங்கமென் என்ற பூசாரியின் வாழ்க்கை தனி நூலாகவே வந்திருக்கிறது. ஆய்வாளர் ஜெரி லெத்தாங்கும் இன்னொருவரும் சேர்ந்து தங்கமெனிடம் கேட்டு எழுதிய நூல் அது. கரும்புத் தோட்டத்தில் மேற்பார்வையாளராக வேலை பார்த்துக்கொண்டே, பூசையையும் அதற்குரிய தமிழையும் காத்த தலைமுறையின் கடைசி ஆட்களில் தங்கமென் ஒருவர். அப்படிப்பட்ட ஒருவர் இறக்கும்போது அவரோடு போவது பாட்டு மட்டுமல்ல, பாட்டின் பொருள் தெரிந்த கடைசிக் காதும்தான்.

கலந்து வளர்ந்த இசை

ரீயூனியனின் மண்ணிசை மலோயா. ஆப்பிரிக்க, மடகாஸ்கர் அடிமைகளின் பாட்டிலும் ஆட்டத்திலும் பிறந்தது இது. நெடுங்காலம் ஒடுக்கப்பட்டு, 1981க்குப் பிறகே பொதுவெளியில் தடையின்றி ஒலித்தது. 2009இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. அடிமைகளின் வழிவந்தவர்களும் மலபார்களும் ஒரே தோட்டத்துக் குடிசைகளில் வாழ்ந்ததால் ஒருவர் பறை மற்றவர் பாட்டுக்குள் நுழைந்தது.

இதற்குச் சிறந்த உதாரணம் கிரமூன் லெலே. அவருடைய இயற்பெயர் ஜூலியன் ஃபிலேயாஸ். 1930இல் பிறந்து, கிழக்குக் கரையிலுள்ள சேன் பெனுவா வட்டாரத்தில் வாழ்ந்து, கரும்பாலைத் தொழிலாளியாக உழைத்தவர். மனைவி, பிள்ளைகள், உறவினர்கள் சேர்ந்த குடும்பக் குழுவோடு முன்னோர் சடங்கில் பாடி வந்தார். அந்தப் பாட்டுகளை அறுபது வயதைக் கடந்த பிறகே ஒலித்தட்டில் பதித்தார். 'நமூனிமான்' என்ற முதல் ஆல்பம் 1993இல் வெளிவந்தது. மலபார் கோவில்களின் மேளத் தாளத்தையும் தன் மலோயாவில் சேர்த்துக்கொண்டவர் அவர். 2004இல் அவர் மறைந்த பின் பிள்ளைகள் அதே பாட்டுகளைத் தொடர்ந்து பாடி வருகிறார்கள்.

மறுபடி கற்கும் தலைமுறை

1970களுக்குப் பிறகு ரீயூனியனில் நிலைமை மாறியது. தமிழ்நாட்டிலிருந்து குருக்களும் ஸ்தபதிகளும் வந்தார்கள், கோபுரங்கள் எழுந்தன, தமிழ் வகுப்புகள் தொடங்கின. இளையவர்கள் தாத்தாவின் நோட்டை எடுத்து, பிரெஞ்சு எழுத்திலிருந்து தமிழுக்கு மாற்றிப் பார்க்கிறார்கள். அப்போது ஒரு கேள்வி எழுகிறது: தாத்தா பாடிய உச்சரிப்பைத் திருத்துவதா, அப்படியே வைத்திருப்பதா? திருத்தினால் பொருள் தெளியும். ஆனால் 19ஆம் நூற்றாண்டுக் கிராமத்துப் பேச்சுவழக்கின் சுவடுகள் அதில் இருந்தால் அவையும் துடைக்கப்பட்டுவிடும். புதிய ஆகம வழிபாடு பரவும்போது மதுரைவீரனின் பாட்டு தாழ்வானது என்று ஒதுக்கப்படும் ஆபத்தும் இருக்கிறது. பழைய நோட்டுகளை முதலில் உள்ளபடியே படியெடுத்து, மூத்தவர்கள் பாடுவதை ஒலிப்பதிவு செய்து, திருத்திய பாடத்தைத் தனியே வைப்பதே இரண்டையும் காக்கும் வழி.

இந்த வேலையில் காரைக்கால் கரைக்கும் பங்கு உண்டு. தீவில் சிதைந்து நிற்கும் ஒரு சொல் எது என்று சொல்லக்கூடியவர்கள் திருநள்ளாறு, நெடுங்காடு, நிரவி, திருமலைராயன்பட்டினம் வட்டாரங்களில் வயலிலும் கோவிலிலும் பாடிப் பழகிய முதியவர்கள்தான். ஆனால் நடவு இயந்திரமும் நேரடி விதைப்பும் வந்த பின் நடவுப் பாட்டுக்கு வேளை இல்லை. விசைப்படகு வந்த பின் அம்பாவுக்கு அவசியம் குறைந்துவிட்டது. தமிழே பேசாத குடும்பங்கள் பாட்டைக் காத்ததற்குக் காரணம், அதைப் பாட அவர்களுக்கு ஒரு நாளும் ஒரு கடமையும் இருந்ததுதான். தமிழ் பேசும் கரையில் அந்த நாளும் கடமையும் ஒவ்வொன்றாகக் கழன்று வருகின்றன. கோவில் விழாக்களில் வர்ணிப்புக்கும் பாரதப் படிப்புக்கும் உரிய இடத்தை விட்டுக்கொடுக்காமல் இருப்பதும், பள்ளி ஆண்டு விழாக்களில் ஊர் முதியவர்களிடமே பாட்டைக் கற்றுப் பாடவைப்பதும், அவர்கள் பாடுவதை இப்போதே பதிந்து வைப்பதும் இங்கே செய்ய வேண்டியவை. தீவுகளின் நோட்டுகளும் இந்தக் கரையின் ஒலிப்பதிவுகளும் ஒன்றாக வைத்துப் படிக்கப்படும்போதுதான் கப்பலேறிய பாட்டின் முழு வடிவம் கிடைக்கும்.